உமியும் வைக்கோலும் ஒரு லட்சம் கோடியும்

கடையநல்லூர்ப் பக்கம் இப்போது உமி சும்மா கிடைப்பதில்லை. செங்கல் சூளைக்காரர்களும் பாய்லர் வைத்திருப்பவர்களும் ரைஸ்மில்லில் முன்கூட்டியே பேசிவைத்து லாரியில் அள்ளிப் போகிறார்கள். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் மில்லுக்குப் பின்னால் அது ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். சாக்கைக் கொண்டுபோய் அமுக்கி அமுக்கிக் கட்டி எடுத்து வரலாம். இடம் காலியானால் போதும் என்று மில்காரரும் விட்டுவிடுவார்.

அந்த உமிதான் எங்கள் வீட்டில் நெல் அவிக்க எரிந்தது. முந்தின நாள் ஊறப்போட்ட நெல்லை விடியக்காலம் அண்டாவில் ஏற்றிவிட்டு ஆச்சி அடுப்பு வாயில் உட்காருவாள். உமியைக் கையால் அள்ளித் தீயின் மேல் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் காற்று அடைபட்டுப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தால் நின்று எரியும். ஐந்து கிலோ நெல் அரைத்தால் ஒரு கிலோ உமி. ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் இருக்கிறது. நம் நாட்டு மட்டரக நிலக்கரிக்கு அது ஏறக்குறைய ஈடு. போன தடவை அரைத்த நெல்லின் உமியால் இந்தத் தடவை நெல் வெந்தது. வெளியில் இருந்து ஒரு சுள்ளிகூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

அன்றாடச் சமையலுக்குத் தகர டப்பா அடுப்பு. டப்பாவின் நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, அடியில் ஓட்டை போட்டு ஒரு கட்டையைச் சொருகி, சுற்றிலும் மரத்தூளோ உமியோ போட்டு இறுக இடிப்பார்கள். பிறகு போத்தலையும் கட்டையையும் மெல்ல உருவிவிட்டால் தீ ஏறுவதற்கு வழி கிடைக்கும். ஒரு தடவை இடித்துவிட்டால் சோறும் குழம்பும் முடித்து வெந்நீரும் போட்டுவிடலாம். தென்னையில் இருந்து விழுவது எதையும் தூரப் போட்டதாக எனக்கு நினைவில்லை. தீப்பற்ற வைக்கச் சில்லாட்டை. சுருக்காகக் கொதிக்க வேண்டியதற்குக் கொதும்பும் மட்டையும். சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டிக்குப் போகும். கதம்பை, பால் காய்ச்சும் அடுப்பில் மத்தியானம் வரை கனன்றுகொண்டு கிடக்கும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பொற்காலத்தை வரைகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆச்சியின் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன. ராத்திரியில் அவள் இருமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் தூங்குவோம். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து குஜராத் கிராமங்களில் சமையலறைப் புகையை அளந்தார். அடுப்படியில் நிற்கும் பெண் சுவாசிக்கிற புகை, எந்தத் தொழில் நகரத்துத் தெருவின் புகையையும் விடக் கடுமையானது என்று அந்த அளவைகள் காட்டின. பெண்கள் ஊதுகுழலோடு குனிந்து கிடந்த அத்தனை நூற்றாண்டுகளில் அதை அளந்து பார்க்க ஒரு கருவி எங்கள் ஊர் அடுப்படிக்குள் வந்ததே இல்லை.

ஆகவே எரிவாயு சிலிண்டர் வந்தது எனக்கு மகிழ்ச்சிதான். அக்கா வீட்டுக்கு முதல் சிலிண்டர் வந்த அன்றைக்கு அம்மா அதன் முன்னால் நின்று கும்பிட்டாள். பிறகு தமிழ்நாட்டு அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016இல் உஜ்வலா வந்தது. புகை பெரும்பாலான வீடுகளைவிட்டு வெளியேறியது. ஆனால் நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கத்தார், அமீரகம், சவுதி, குவைத் நாடுகளில் இருந்து வருகிறது. கடையநல்லூரில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் அங்கே போய் வெயிலில் உழைத்து அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, அங்கிருந்தே வரும் வாயுவுக்காகத் திரும்பிப் போகிறது. வீட்டு வாசலில் விளைந்த எரிபொருளோ சூளைக்குப் போகிறது. மிச்சம் வயலில் கிடக்கிறது.

வயலில் கிடப்பது வைக்கோல். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

அன்று கார், பிசானம் இரண்டு போகத்திலும் வைக்கோலுக்கு நெல்லுக்கு அடுத்த மரியாதை. அரிவாளால் தரையோடு அறுத்து, கட்டுக்கட்டாகக் களத்துக்குச் சுமந்து, அடித்து, பிணையல் மாடு விட்டு மிதித்து, உதறி, பிறகு படப்பு வைப்பார்கள். படப்பு வைக்க ஊரில் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். மழை எவ்வளவு பெய்தாலும் உள்ளே ஈரம் இறங்காது. மாடு தின்றது போக, கூரைக்கு, விதை நெல் கோட்டை கட்டுவதற்கு, மண்ணோடு குழைத்துச் சுவர் வைப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் வைக்கோல் வேண்டும். சாணமாகத் திரும்பி வந்து எருவாட்டியாகி அடுப்பிலும் அது எரிந்தது.

பிறகு டிராக்டர் வந்தது, உழவுமாடு போயிற்று. அறுவடை மிஷின் வந்தது, களம் போயிற்று. மிஷின் தாளை நடுவில் வெட்டி, நெல்லை உதிர்த்துக்கொண்டு, சக்கையைத் தன் பின்னால் துப்பிவிட்டுப் போகிறது. பிசானத்தில் வெயில் இருக்கும். கட்டுகிற மிஷின் வந்து உருளை உருளையாகச் சுற்றிப் போட்டுவிடும். அந்தக் கட்டுகளை லாரியில் ஏற்றிப் புளியரை வழியாகக் கேரளத்துக் கொட்டில்களுக்குக் கொண்டு போகிறார்கள். அது நல்ல வியாபாரம். அந்த வைக்கோலை எரிபொருளாக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாட்டின் வாயில் இருந்து பிடுங்கி எஞ்சினுக்குப் போடுகிற திட்டம் எந்த ஊரிலும் நிற்காது.

கார்ப் போகம் அப்படியல்ல. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு விழும்போது வடகிழக்கு மழையும் கூடவே விழுகிறது. நனைந்த வைக்கோலைக் கட்ட முடியாது. கட்டினாலும் பூஞ்சை பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அடுத்த போகத்துக்கு உழ வேண்டும், கருப்பாநதி அணையில் தண்ணீர் விட்டுவிடுவார்கள். அதனால் சில வயல்களில் இரண்டு நாள் வெயில் கண்டதும் தீ வைக்கிறார்கள். என் சித்தப்பா மகன் அப்படிச் செய்ததைப் பார்த்து நான் சத்தம் போட்டேன்.

"நான் என்னண்ணே செய்ய? வச்சுக்கிட்டு இருந்தா யாரு வந்து எடுக்கா? கூலி குடுத்து அள்ளி வரப்புல போட்டா, அந்தக் கூலிக்கே நெல்லு வித்த காசு பத்தாது. ஒரு வழி சொல்லுங்க, நாளைக்கே நிறுத்திடுதேன்."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அவனுடையது அல்ல.

வழி இருக்கிறது என்று தாத்தா தலைமுறைக்கே தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களின் பின்னால் கரி உலை ஒன்றைப் பொருத்தி ஓட்டினார்கள். கிளீனர் பையன் கைப்பிடியைச் சுழற்றிக் காற்றூத, உலை சூடாகி வாயு உண்டாக, அப்புறம்தான் பஸ் கிளம்பும். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளியதைத் தாத்தா விரிவாகச் சொல்வார். அதன் வேலை எளிது. கரியையோ விறகையோ போதுமான காற்று கொடுக்காமல் அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். இரண்டும் எஞ்சினில் எரியும். போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, உலைகளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த 1973இல் எண்ணெய் விலை தாவியது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் உலகமே மாற்று எரிபொருள் தேடியது. அந்த நேரத்தில் இந்தியாவில் சில நல்ல மனிதர்கள் சரியான இடத்தில் கை வைத்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினார். கிராமத்துக்கான தொழில்நுட்பமே அதன் வேலை. உலகத்தரமான மின்வேதியியலாளர் ஒருவர் அடுப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அன்று பலருக்கு விசித்திரமாகப் பட்டது. அதே கழகத்தில் முகுந்தாவின் குழு அந்தப் பழைய கரி உலையை எடுத்து, அதன் வெப்பத்தையும் வாயுவின் ஓட்டத்தையும் அளந்து, புதிதாக வடிவமைத்தது. 1988இல் தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி என்ற சிறு கிராமம் அந்த வாயுவில் விளக்கேற்றிக்கொண்டது. டீசல் எஞ்சினில் டீசலின் பெரும்பங்கை அந்த வாயு ஈடுகட்டியது. தண்ணீர் இறைத்தார்கள், மாவரைத்தார்கள்.

சென்னையில் சி. வி. சேஷாத்ரி இருந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்து வந்து முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தைக் கட்டியவர். மீனவர், உழவர், கிராமத்துப் பெண்கள் பக்கம் நின்று அறிவியல் செய்தார். ஆற்றலின் தரத்தை அளக்கிற நம் அளவுகோலே நகரத்துக்கும் ஆலைக்கும் சாதகமாகச் சாய்ந்திருக்கிறது என்று வெப்ப இயக்கவியலையே எடுத்துக்கொண்டு வாதாடினார். சமத்துவம் உள்ள அறிவியல்தான் நல்ல அறிவியல் என்பது அவருடைய நிலை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நான் வேதியியல் ஆசிரியராக இருந்த காலம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் அவரைத் தேடியிருக்கிறேன்.

இவ்வளவு நல்ல தொடக்கம் ஏன் சித்தப்பா மகனான என் தம்பியின் வயல் வரைக்கும் வரவில்லை? 1981-82இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் வந்தது. நாடு முழுக்க இதுவரை ஏறத்தாழ 50 லட்சம் கலன்கள் கட்டியிருக்கிறோம். 1980களில் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தது. 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுத்துவிட்டு 2002இல் அதை நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் பெரியப்பா வீட்டுத் தொழுவத்திலும் ஒரு கோபர் கேஸ் கட்டினார்கள். இரும்பு டிரம் மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்க்க நாங்கள் கூடி நிற்போம். டிராக்டர் வந்து மாடுகள் விற்றுப்போன பிறகு சாணம் இல்லை. டிரம் துருப்பிடித்தது. வைக்கோலைப் போட்டால் வாயு வருமா என்று பெரியப்பா வந்து போன ஒவ்வொரு அதிகாரியிடமும் கேட்டார். வைக்கோல் மிதக்கும், மேலே ஏடு கட்டிக்கொள்ளும், கிருமிகளுக்கு அதன் லிக்னினை உடைக்கத் தெரியாது என்பதெல்லாம் உண்மையான தடைகள். அந்தத் தடைகளை நீக்கத்தான் ஆய்வு வேண்டும். வந்தவர்களிடம் இலக்கு எண்ணிக்கை இருந்தது. கேள்வியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க ஓர் இடம் இருக்கவில்லை. கலன் கட்டுவதற்கு மானியம் ஒதுக்கினோம். கட்டியது ஏன் நின்றது என்று கண்டறிய ஒதுக்கவில்லை. 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் ஒதுக்கியதிலும் ஆர்வம் வடிந்தது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஆய்வு செய்கிற வேலை நாட்டுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மலையைச் சுற்றியே மூன்று அத்தாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம். 1937இல் தொடங்கியது. அங்கிருந்து 1986இல் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 இல்லாமல் திருநெல்வேலிச் சீமையில் பல வருடம் கார்ப் போகத்தை நினைத்துப் பார்க்க முடியாது. குட்டை ரகம், சாயாது, இட்லிக்கு வாகான குண்டு அரிசி. ஐம்பது வருடம் பொறுமையாகக் கலப்புச் செய்து, விதைத்து, எடை பார்த்து, ஒதுக்கி, மறுபடியும் விதைத்ததில் கிடைத்த நெல் அது. நெல்லின் எடையை ஒவ்வொரு பாத்தியிலும் அளந்தார்கள். வைக்கோல் எப்படி மாறியது, அதில் சிலிக்கா எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு என்பது உழவனுக்கு வந்து சேரும் கணக்காக ஒருபோதும் ஆகவில்லை.

இரண்டாவது எங்கள் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் சாரலைத் தள்ளிக்கொண்டு வருகிற அந்தக் காற்று சுரண்டை, கயத்தாறு வரைக்கும் அடிக்கிறது. பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி, வானிலைத் துறையில் ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் நாட்டின் காற்றை இடம் இடமாக அளந்தார். 1983இல் அவர் கொடுத்த காற்றுத் தரவுத் தொகுப்பு இந்தியக் காற்றாலைகளுக்கு அடித்தளம். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு வேகம் என்று யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் குறித்து வைத்தார்கள். பிறகுதான் முதலீடு வந்தது. கயத்தாற்றில் சோதனை நிலையம் அமைந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. தென்காசிச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த இறக்கைகளைப் பார்க்கும்போது அன்னா மாணியை நினைக்க வேண்டும்.

மூன்றாவது, ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி. கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடம் வாங்க விடாமல் அமெரிக்கா தடுத்த பிறகு, 1994இல் நாமே செய்வது என்று இறங்கினோம். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைக் கையாள வேண்டும். எங்கள் மலைத்தொடரின் தெற்கு முனையில் எஞ்சின்களை எரித்து எரித்துச் சோதித்தார்கள். 2010 ஏப்ரலில் ராக்கெட் கடலில் விழுந்தது. யாரும் கதவை மூடவில்லை. 2014 ஜனவரி 5ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. டி-5 பறந்தது. இருபது வருடம்! தோற்றபோதும் சம்பளம் நிற்கவில்லை, குழு கலையவில்லை.

உமிக்கும் வைக்கோலுக்கும் அந்த இருபது வருடம் கொடுக்கப்படவில்லை. என் ஆதங்கம் முழுவதும் இதில்தான்.

ஒட்டுமொத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. 1958இல் நேரு காலத்தில் நாடாளுமன்றத்தில் அறிவியல் கொள்கைத் தீர்மானம் வந்தது. 2003 கொள்கை, உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தை ஆய்வுக்குக் கொடுப்போம் என்றது. 2020-21இல் நாம் கொடுத்தது 0.64 சதவீதம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு 0.8ஐ ஒட்டி இருந்தது இறங்கி வந்திருக்கிறது. ரூபாயில் பார்த்தால் 2010-11இன் 60,197 கோடி 1,27,381 கோடியாக ஏறியிருக்கிறது; நாட்டின் வருமானம் அதைவிட வேகமாக வளர்ந்தது. சீனா 2.5 சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கிறது, தென் கொரியா ஏறத்தாழ 5. நம் நாட்டில் தனியார் நிறுவனங்களின் பங்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மத்திய அரசின் அறிவியல் அமைப்புகள் செலவிடுவதில் பாதுகாப்பும் விண்வெளியும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி. அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. மகேந்திரகிரியை இப்போதுதான் பாராட்டினேன். மொத்தத் தொகையே சிறியதாக இருக்கும்போது வைக்கோலுக்கு மிஞ்சுவது சில்லறை.

இதற்குள் வடக்கே நிலைமை முற்றிவிட்டது. பஞ்சாபில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல். அங்கே மாடு அதைத் தின்னாது. கோதுமை வைக்கோல்தான் அதற்குப் பிடிக்கும். நெல் அறுத்து மூன்று வாரத்துக்குள் கோதுமை விதைக்க வேண்டும். தீ வைத்தார்கள், டெல்லி மூச்சுத் திணறியது. அதன் பிறகுதான் பெரிய பணம் அசைந்தது. 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி பானிபட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, வைக்கோலில் இருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைத் திறந்தது. வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அதே ஆண்டு அக்டோபரில் சங்ரூர் மாவட்டத்து லேஹ்ராகாகாவில், நாளொன்றுக்கு 300 டன் வைக்கோல் தின்று 33 டன் அழுத்த உயிர்வாயு கொடுக்கும் ஆலை வந்தது. வைக்கோலை அமிலத்திலும் நீராவியிலும் பதப்படுத்தி, நொதியால் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட்டால் புளிக்க வைக்கிற அந்த வேலைக்கு இந்திய மூளையும் இந்திய வடிவமைப்பும் இருக்கின்றன. மலைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரத்தில் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான நிஸ்டில் ஓர் உயிரி எரிபொருள் மையமே நெல் வைக்கோலில் எத்தனால் எடுக்கும் ஆய்வைச் செய்தது. எங்கள் வைக்கோல் லாரி போகிற அதே சாலையில்தான் அங்கே போக வேண்டும்.

பானிபட் ஆலை எனக்குப் பெருமை. ஆனால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 டன் வைக்கோல் என்று வைத்தால் அந்த ஆலைக்கு 1 லட்சம் ஏக்கர் வேண்டும். குளத்துக்குக் குளம், மடைக்கு மடை துண்டுபட்டுக் கிடக்கும் எங்கள் வயலில், மாட்டுக்குப் போனது போக மிஞ்சும் கார் வைக்கோலைத் திரட்டி அப்படி ஓர் ஆலையை நிரப்ப முடியாது. எங்களுக்கு வேண்டியது ஒரு ரைஸ்மில்லின் பக்கத்தில் நிற்கிற சின்ன எந்திரம். உமியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். பீகாரில் ஹஸ்க் பவர் நிறுவனம் 2007இல் தம்குஹா கிராமத்தில் உமி வாயுவால் விளக்கேற்றிக் காட்டியது. அந்த எந்திரத்தைச் சிரமப்படுத்துவது தார். வால்வில் படிந்து எஞ்சினை அடைத்துவிடும், அதைக் கழுவிய தண்ணீர் நஞ்சு. வைக்கோலில் தொல்லை வேறு. அதில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் சாம்பலை உருக வைத்துக் குழாய்களில் பாறையாக ஒட்ட வைக்கும். இவையெல்லாம் பத்துப் பேர் பத்து வருடம் உட்கார்ந்தால் அவிழ்கிற முடிச்சுகள்.

உட்காரத் தயாராக இருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் அக்காவின் பேத்தி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வைக்கோல் லிக்னினில் ஆராய்ச்சி செய்கிறாள். இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தியிருக்கிறார்கள். அவளுக்கு அது மாதாமாதம் வந்ததில்லை. சேர்ந்தாற்போல ஒரு நாள் விழும். அதுவரை கடன். ஐரோப்பாவில் இருந்து வரவேண்டிய நொதிக்கு ஆர்டர் போட்டுவிட்டு, கோப்பு நகர்வதற்காக ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தாள். "கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை தாத்தா, அதுக்குத் தேவையான சாமான் வந்து சேர்றதுதான் கஷ்டம்" என்றாள். இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணின் இருபத்தாறாவது வயதில் ஒரு பருவத்தை நாம் வீணாக்கியிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது பணம் வருகிறது என்கிறார்கள். அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்தில் 50,000 கோடி. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியில் இருந்து வர வேண்டும். 2025 ஜூலை முதல் தேதி ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, நவம்பரில் தொடங்கினார்கள். எரிசக்தி மாற்றமும் அதன் பட்டியலில் இருக்கிறது. நான் மனதார வரவேற்கிறேன். எவ்வளவு காலம் காத்திருந்த தொகை! ஆனால் அது பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடனாக, ஏற்கெனவே ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்குப் போகிற பணம். சாரலும் மழையும் சேர்ந்து நனைக்கிற ஊரின் வைக்கோலில் என்ன இருக்கிறது என்று அளக்க எந்தக் கம்பெனியும் கடன் வாங்காது. காற்றை அளந்த மாதிரி, நெல்லை அளந்த மாதிரி, அதை அரசுதான் அளக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் ஏற்கெனவே வயலும் தராசும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சாம்பல் உலையும் இரண்டு ஆய்வாளர்களுக்குப் பத்து வருடச் சம்பளமும் வைத்தால் போதும். ஒரு லட்சம் கோடிக்கு முன்னால் அது என்ன தொகை?

போன மாதம் அக்கா பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். தம்பி அவளையும் வயலுக்குக் கூட்டிப் போய், கார் அறுப்பில் நனைந்து கறுத்துக் கிடந்த வைக்கோலைக் காட்டி, "இது ஒண்ணுத்துக்கும் ஆகாது தாயி" என்றான். அவள் குனிந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கினாள்.

"சின்னத் தாத்தா, மாட்டுக்குத்தான் ஆகாது. மழை இதுல இருக்கிற பொட்டாஷையும் குளோரினையும் கழுவிட்டுப் போயிருக்கும். எரிக்கிறதுக்கு நனைஞ்ச வைக்கோல்தான் நல்லது. சாம்பல் உருகாது."

தம்பி என்னைப் பார்த்தான். அவள் சொன்னது உண்மை. கலிஃபோர்னியாவில் 1991இல் வைக்கோல் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் வந்த பிறகு, அங்கே டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ் குழு அதை அளந்து நிறுவியது. மழையில் கிடந்த வைக்கோலின் சாம்பல் அதிக வெப்பத்தைத் தாங்குகிறது. நம் கார் வைக்கோலுக்கு, நம் மழைக்கு, நம் ரகத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல எங்கள் மாவட்டத்தில் ஆள் இல்லை.

"அப்பம் எத்தனை மழை பெஞ்சா சரியா இருக்கும்?" என்று தம்பி கேட்டான்.

"அதைத்தான் பாக்கணும். நீங்க எனக்கு வைக்கோல் தருவீங்களா? அறுத்த அன்னைக்கு ஒரு சாக்கு, முதல் மழைக்கு அப்புறம் ஒரு சாக்கு, அடுத்த மழைக்கு அப்புறம் ஒண்ணு. மேல ரகத்தோட பேரும் தேதியும் எழுதணும். மழை எத்தனை மில்லிமீட்டர்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டுக் குறிச்சு வைங்க."

வீட்டுக்கு வந்ததும் அவன் உரக்கடை கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்தான். தேதி, ரகம், மழை, சாக்கு எண் என்று நான்கு கட்டம். மிஷின் விட்டுவிட்டுப் போகிற தாளின் எடைக்கும் ஐந்தாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று அவள் சொல்ல, ஒரு ஏக்கருக்கு எத்தனை இடத்தில் அறுத்து நிறுத்தால் சரியாக இருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.